எழுத்தாளரின் வாழ்க்கை ருஷ்யக் கதைக்குள் எப்படி நுழைகிறது?

ருஷ்ய நாவல்களையும் சிறுகதைகளையும் படிக்கும்போது எழுத்தாளரின் வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா, கருப்பொருளையும் தொனியையும் அது எந்த அளவுக்கு முடிவு செய்கிறது என்பது கேள்வி. சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் பல முன்னுரைகளில் இருப்பதுபோல் "சைபீரியச் சிறையில் இருந்தார், அதனால் துன்பத்தை எழுதினார்", "டாக்டராக இருந்தார், அதனால் நோயாளிகளை எழுதினார்" என்று முடித்துவிட்டால் கதையைப் பற்றி எதுவுமே தெரியவராது. சைபீரியாவுக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

பலன் தருகிற வழி வேறு. வாழ்க்கையில் நடந்த ஒன்று கதைக்குள் வரும்போது எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாறிய இடத்தில்தான் கருப்பொருள் பிடிபடும். தொனியோ, நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையே அந்த மனிதர் எவ்வளவு தூரம் நகர்ந்து எங்கே போய் நின்றார் என்பதைப் பொறுத்தது.

சின்ன உதாரணத்தில் தொடங்கலாம். துர்கனேவின் 'முமூ'வில் வாய்பேசாத பண்ணையடிமை கெராசிம், எஜமானியின் கட்டளைக்குப் பணிந்து, தான் ஆசையாக வளர்த்த நாயை ஆற்றில் மூழ்கடிக்கிறான். எஜமானிக்கு அசல் துர்கனேவின் தாய் வர்வாரா பெத்ரோவ்னா. கெராசிமுக்கு அசல் அவர் வீட்டு வாயிற்காவலன் அந்திரேய். நிஜத்தில் நாய் போன பிறகும் அந்திரேய் அதே எஜமானிக்கு விசுவாசமாக ஊழியம் செய்துகொண்டிருந்தான். கதையில் கெராசிம் மூட்டையைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல், மாஸ்கோவை விட்டுத் தன் கிராமத்துக்கு நடந்தே போய்விடுகிறான். இந்த நடை முழுக்க துர்கனேவ் சேர்த்தது. அவர் இதை எழுதியது 1852-இல், கோகோல் மறைவுக்கு எழுதிய அஞ்சலிக் கட்டுரைக்காகப் போலீஸ் காவலில் ஒரு மாதம் வைக்கப்பட்டிருந்தபோது. நாயின் சாவைவிட அந்த நடைதான் கதையின் மையம் என்பது, அசலை அறிந்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தஸ்தயேவ்ஸ்கியிடம் இதையே மிகத் துல்லியமாகப் பார்க்கலாம். சோஷலிசக் கருத்துகளைப் பேசிய பெத்ரஷேவ்ஸ்கி குழுவின் கூட்டங்களுக்குப் போனதற்காகவும், கோகோலுக்கு விமர்சகர் பெலீன்ஸ்கி எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தை அங்கே வாசித்ததற்காகவும் 1849 ஏப்ரலில் கைதானார். பீட்டர்ஸ்பர்க் கோட்டையில் எட்டு மாதம். டிசம்பர் 22 அன்று செம்யோனவ்ஸ்கி சதுக்கத்தில் மரண தண்டனை வாசிக்கப்பட்டது, முதல் மூவரைக் கம்பங்களில் கட்டினார்கள், துப்பாக்கிகளை உயர்த்தினார்கள், அப்போதுதான் மன்னரின் தண்டனைக் குறைப்பு ஆணை வாசிக்கப்பட்டது. எல்லாம் முன்பே ஏற்பாடு செய்யப்பட்ட நாடகம். அன்றே அண்ணன் மிகயிலுக்கு எழுதிய கடிதத்தில், தான் வரிசையில் ஆறாவது ஆள் என்றும், மூன்று மூன்று பேராக அழைத்ததால் இரண்டாவது தடவையில் தன் முறை வந்திருக்கும் என்றும் சொல்கிறார். வாழ்க்கை ஒரு பரிசு, ஒவ்வொரு நிமிடமும் மகிழ்ச்சியின் யுகமாக இருந்திருக்கலாம் என்று அந்தக் கடிதம் பொங்குகிறது.

இனி 'அசடன்' நாவலின் முதல் பாகம், ஐந்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். நாவலின் நாயகன் மிஷ்கின், எபான்ச்சின் வீட்டுப் பெண்களிடம் தனக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறான். வாழ இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. தோழர்களிடம் விடைபெற இரண்டு நிமிடம், தன்னைப் பற்றிக் கடைசியாக யோசிக்க இரண்டு நிமிடம், மீதியைச் சுற்றிலும் பார்த்துக்கொள்ள என்று அந்த மனிதர் பங்கு பிரிக்கிறார். பக்கத்துத் தேவாலயத்தின் பொன்முலாம் பூசிய கூரையில் வெயில் பட்டு மின்னுகிறது. அந்தக் கதிர்களோடு தான் கலந்துவிடப் போகிறோம் என்று தோன்றுகிறது. உயிர் திரும்பக் கிடைத்தால் ஒவ்வொரு நிமிடத்தையும் ஒரு நூற்றாண்டாக்குவேன், எதையும் வீணாக்கமாட்டேன் என்ற எண்ணமே கடைசியில் தாங்கமுடியாத வேதனையாகிவிடுகிறது. கதையில் அவர் வரிசையில் எட்டாவது ஆள், மூன்றாவது தடவைக்கு உரியவர். ஆறு எட்டாகியிருக்கிறது, காத்திருப்பு ஒரு சுற்று நீண்டிருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கிக்குத் தேவைப்பட்டது அந்தக் கூடுதல் நிமிடங்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் அடுத்து வருகிறது. அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு பிறகு அவர் என்ன செய்தார், ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணி எண்ணி வாழ்ந்தாரா என்று கேட்கிறார்கள். இல்லை, அப்படி வாழவே இல்லை, ஏராளமான நிமிடங்களை வீணாக்கிவிட்டார் என்று அவரே தன்னிடம் சொன்னதாக மிஷ்கின் பதில் தருகிறான். 1849-ஆம் ஆண்டுக் கடிதத்தில் இந்த வரிக்கு இடமே இல்லை. இந்தப் பகுதி அச்சில் வந்தது 1868 தொடக்கத்தில். நடுவில் சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டு, செமிபலாத்தின்ஸ்கில் படைவீரர் வேலை, 1864-இல் ஒரே ஆண்டில் முதல் மனைவியும் அண்ணனும் இறந்தது, அண்ணன் விட்டுப்போன கடன், ஐரோப்பிய நகரங்களின் சூதாட்ட மேசைகள். கடிதத்தில் வாக்குறுதி இருக்கிறது, நாவலில் அதன் கணக்குத் தீர்ப்பு இருக்கிறது. நிகழ்ச்சி ஒன்றுதான், பதினெட்டு ஆண்டுகள் தொனியை மாற்றியிருக்கின்றன. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், வாழ்க்கை எப்படித் தொனியாகிறது என்பதற்கு வேறு பாடமே தேவைப்படாது.

கடன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இவருடைய மூச்சிரைக்கும் நடையை மனநோயோடும் வலிப்போடும் மட்டும் முடிச்சுப் போடுவது வழக்கம். பண விஷயத்தைப் பலர் தொடுவதில்லை. பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கியோடு போட்ட ஒப்பந்தப்படி 1866 நவம்பர் 1-க்குள் புதிய நாவல் தராவிட்டால் ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதும் எதையும் பதிப்பாளர் காசு தராமல் வெளியிடலாம். அக்டோபரில் சுருக்கெழுத்தாளர் அன்னா ஸ்னீத்கினாவை வைத்து 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லி எழுத வைத்தார். அடுத்த பிப்ரவரியில் அவரையே மணந்தார். வாயால் சொல்லி எழுதுவது அதன்பின் அவர் பழக்கமாகிவிட்டது. பேச்சின் திக்கல், திரும்பச் சொல்லல், தன்னையே மறுத்துப் பேசுதல் எல்லாம் உரைநடைக்குள் வந்ததில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. 1875-இல் 'அன்னா கரீனினா'வுக்கு ஓர் அச்சுப் படிவத்துக்கு 500 ரூபிள் வாங்கினார் டால்ஸ்டாய். அதே காலத்தில் 'பச்சிளைஞன்' நாவலுக்கு தஸ்தயேவ்ஸ்கிக்குக் கிடைத்தது 250. ஆனால் அவசரத்தில் அலட்சியமாக எழுதினார் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. 'குற்றமும் தண்டனையும்' நாவலின் கணிசமான பகுதி எழுதி முடித்த நிலையில், 1865 நவம்பர் இறுதியில் அதை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியவர் அவர்.

வாழ்க்கையைத் தவறாகப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் இவரே சாட்சி. 'மரண வீட்டின் குறிப்புகள்' அவருடைய ஓம்ஸ்க் சிறை அனுபவம். ஆனால் தணிக்கையை நினைத்து, கதைசொல்லி கொரியான்ச்சிகோவை அரசியல் கைதியாக அல்லாமல் மனைவியைக் கொன்றவனாக ஆக்கினார். விளைவு, தஸ்தயேவ்ஸ்கியே மனைவியைக் கொன்றுவிட்டுத்தான் சைபீரியா போனார் என்று பல வாசகர்கள் நம்பினார்கள். 1876-இலும் அந்த நம்பிக்கை இருந்ததை அவரே தன் 'எழுத்தாளனின் நாட்குறிப்பு' இதழில் குறிப்பிட்டார்.

இன்னொரு தவறு மேதையிடமிருந்து வந்தது. 1928-இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு எழுதிய கட்டுரை, வலிப்பையும் 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலின் தந்தைக் கொலையையும் எழுத்தாளரின் சொந்தத் தந்தையின் மரணத்தோடு இணைத்தது. சைபீரியாவில் வலிப்பு நின்றுபோயிருக்க வேண்டும் என்ற ஊகத்தையும் அதற்குத் துணையாக வைத்தது. 1857-ஆம் ஆண்டு மருத்துவச் சான்றிதழோ முதல் வலிப்பு 1850-இல், அதாவது சிறையிலேயே வந்தது என்கிறது. தந்தைக் கொலைக்கு இன்னும் நேரடியான மூலம் கையிலேயே இருக்கிறது. ஓம்ஸ்க் சிறையில் தந்தையைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட இலின்ஸ்கி என்ற முன்னாள் அதிகாரி இருந்தார். 'மரண வீட்டின் குறிப்புகள்' நூலின் முதல் அத்தியாயத்தில் அவரைக் குற்றவாளியாகவே காட்டுகிறார் தஸ்தயேவ்ஸ்கி. இரண்டாம் பாகத்தில் குறுக்கிட்டு, அந்த மனிதர் நிரபராதி, பத்து ஆண்டு வீணாகத் தண்டனை அனுபவித்தார் என்று செய்தி வந்திருப்பதாகச் சேர்க்கிறார். செய்யாத கொலைக்குத் தண்டனை ஏற்கும் திமித்ரி கரமாசவ் இங்கிருந்து வருகிறான்.

'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில் பெரும்பாலும் மாற்றாமல் வைத்த ஓர் இடமும் உண்டு. தஸ்தயேவ்ஸ்கியின் மகன் அல்யோஷா 1878 மே மாதம் வலிப்பால் இறந்தான். தந்தையிடமிருந்து வந்த நோய். வயது இரண்டே முக்கால். அடுத்த மாதம் தத்துவவாதி சலவியோவுடன் ஆப்தினா மடத்துக்குப் போய்த் துறவி அம்ப்ரோசியைச் சந்தித்தார். நாவலின் இரண்டாம் புத்தகத்தில் துறவி சோசிமாவிடம் ஒரு குடியானவப் பெண் வந்து அழுகிறாள். இறந்த பிள்ளையின் பெயர் அலெக்சேய். மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவு. பெயரும் வயதும் அப்படியே இருக்க, துக்கம் மட்டும் பெயரில்லாத ஒரு தாயிடம் மாறியிருக்கிறது. நோயைத் தந்த தந்தை அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. குழந்தைகளின் துன்பத்தை முன்வைத்து இவான் கரமாசவ் கடவுளோடு தொடுக்கும் வழக்கின் வேகம் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்கள் இந்த இடத்திலிருந்து யோசிக்கலாம்.

செகாவிடம் நிலைமை நேர் எதிர். அவர் எழுத்தில் எழுத்தாளர் கண்ணுக்கே தெரியமாட்டார் என்பார்கள். அந்தத் தெரியாமை தானாக வந்தது அல்ல, பயின்று பெற்றது. பாட்டனார் 1841-இல் பணம் கட்டி விடுதலை பெற்ற பண்ணையடிமை. தந்தை பாவெல் தாகன்ரோகில் மளிகைக்கடை வைத்திருந்தார். பிள்ளைகளை அடித்தார், கடையில் உட்கார வைத்தார், தேவாலயத்தில் பாட வைத்தார். 1876-இல் கடனில் மூழ்கி மாஸ்கோவுக்கு ஓடினார். 1889 ஜனவரியில் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், கொடுங்கோன்மையும் பொய்யும் நம் குழந்தைப் பருவத்தை எப்படிச் சிதைத்தன என்று செகாவ் கொதிக்கிறார். சூப்பில் உப்புக் கூடியதற்குத் தந்தை போட்ட ரகளையை நினைவுபடுத்துகிறார். அண்ணன் தன் வீட்டுப் பெண்களிடம் அதேபோல நடந்துகொண்டதைக் கண்டித்து எழுதிய கடிதம் அது. ஆறு ஆண்டு கழித்து 'மூன்று ஆண்டுகள்' குறுநாவலில் லாப்தேவ், தனக்கு ஐந்து வயதாகும் முன்பே தந்தை பாடம் புகட்ட, அதாவது அடிக்க, ஆரம்பித்துவிட்டார் என்று மனைவியிடம் சொல்கிறான். குரல் உயரவில்லை. அடித்த தந்தை கதையில் கண்பார்வை மங்கிய கிழவராக இருக்கிறார். மருமகள் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறாள். கடிதத்தின் கோபம் கதைக்குள் இரக்கத்தோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தொனியைக் குளிர்ச்சியாக வைப்பது அவருக்குத் தெரிந்தே செய்த தொழில்நுட்பம். எழுத்தாளர் லீதியா அவீலவாவுக்கு 1892-இல் எழுதியபோது, துயரப்பட்டவர்களைக் காட்டி வாசகரை இளக வைக்க விரும்பினால் இன்னும் குளிர்ச்சியாக எழுதுங்கள், அப்போதுதான் அந்தத் துயரம் எடுப்பாகத் தெரிய ஒரு பின்னணி கிடைக்கும் என்றார். இதை அவரே எப்படிச் செய்தார் என்பதை, கைதிகளை நாடுகடத்திய சகாலின் தீவைப் பற்றிய அவர் நூலில் காணலாம். 1890-இல் அங்கே மூன்று மாதம் இருந்து, கைதிகளையும் குடியேறியவர்களையும் பற்றி ஏறத்தாழ 10,000 கணக்கெடுப்பு அட்டைகளை நிரப்பினார். புரோகரவ் என்ற கைதிக்கு 90 கசையடி கொடுப்பதை நேரில் பார்த்தார். பதிப்பாளர் நண்பர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், அதன்பிறகு மூன்று நான்கு இரவுகள் அந்தக் கசையடிக்காரன் கனவில் வந்தான் என்கிறார். நூலில் கனவு இல்லை. ஒவ்வோர் ஐந்து அடிக்கும் அடிப்பவன் மெதுவாக மறுபக்கம் போகிறான், அரை நிமிடம் ஓய்வு தருகிறான் என்ற விவரம் இருக்கிறது. ஒரு மருத்துவர் நோயாளியின் அருகே கடிகாரத்தோடு நின்று எழுதிய குறிப்பு போலவே இருக்கிறது. படிப்பவருக்குத்தான் தூக்கம் போகிறது.

சகாலினுக்குப் பிறகு 1892-இல் வந்த 'ஆறாவது வார்டு' கதையைப் படிக்கும்போது இந்த 90 அடியை மறக்க வேண்டாம். துன்பம் வெறும் எண்ணம்தான், அறிவாளி அதைப் பொருட்படுத்தமாட்டான் என்று பேசிவந்த டாக்டர் ராகின், தன் மருத்துவமனையின் மனநோய் வார்டிலேயே அடைக்கப்பட்டு, காவலாளி நிகீத்தாவின் முஷ்டியால் முகத்தில் குத்து வாங்குகிறார். மறுநாள் பக்கவாதத்தில் இறக்கிறார். தத்துவத்துக்கு எதிராக நோயாளி கிரோமவ் நிறையவே வாதாடுகிறான். ஆனால் அதை முடித்துவைப்பது ஒரு குத்து, அவ்வளவுதான். ராகினின் பேச்சு எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு வலிமை அந்தக் குத்துக்கு.

செகாவின் சுருக்கத்துக்கும் ஒரு வாழ்க்கைக் காரணம் உண்டு. மருத்துவ மாணவராக இருந்துகொண்டே குடும்பத்தைக் காப்பாற்ற 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை இதழுக்கு எழுதினார். வரிக்கு 8 கோப்பெக். ஆசிரியர் லேய்க்கின் ஏறத்தாழ நூறு வரிக்குள் முடிக்கச் சொல்வார். வர்ணனைக்கு இடம் இல்லாததால், ஒரே பொருளை வைத்து முழு அறையையும் காட்டப் பழகினார். 1888-இல் வந்த 'தூக்கம்' கதையில் பதின்மூன்று வயது வார்க்காவின் அறையில் பச்சை விளக்கு, கூரையில் ஒரு பச்சை வட்டம், கொடியில் காயும் துணிகளின் நிழல், இவ்வளவுதான். தூக்கமின்மையால் மூளை குழம்புவதை ஒரு டாக்டர் கவனிப்பதுபோல் படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போய், அவள் குழந்தையைக் கொன்றுவிட்டுத் தூங்குவதிலும் அதே குரலில் முடிக்கிறார்.

டால்ஸ்டாயைச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அவரே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார். 'அன்னா கரீனினா'வில் லேவின் சாக்பீஸால் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக் கிட்டியிடம் காதலைச் சொல்வது, திருமணத்துக்கு முன் தன் நாட்குறிப்பைப் படிக்கக் கொடுப்பது இரண்டும் 1862-இல் அவர் மணந்த சோஃபியாவோடு நடந்தவை. 1860-இல் அண்ணன் நிகலாய் காசநோயால் இறந்தது லேவினுடைய அண்ணனின் சாவாகிறது. நாவல் முழுவதிலும் தலைப்பு வைக்கப்பட்ட ஒரே அத்தியாயம் அதுதான், தலைப்பு 'மரணம்'. லேவின் தற்கொலைக்குப் பயந்து கயிற்றை ஒளித்துவைப்பது டால்ஸ்டாயின் 'ஒப்புதல் வாக்குமூல'த்திலும் வருகிறது. ஆனால் அன்னா? 1872 ஜனவரியில் பக்கத்துப் பண்ணையாளர் வீட்டில் இருந்த அன்னா பிரகோவா ரயிலில் விழுந்து இறந்தார். யாசென்கி நிலையத்தில் அவர் உடலை டால்ஸ்டாய் பார்த்தார். வாழ்க்கை தந்தது அந்தப் பெயரும் உடலும் மட்டுமே. ரயில் நிலையம் போகும் வண்டியில் அன்னாவின் மனதில் ஓடும் சிதறிய எண்ணங்களுக்கு எந்த நாட்குறிப்பிலும் மூலம் தேட முடியாது. சொந்த வாழ்க்கையை அள்ளிப்போட்ட லேவினைவிட, அள்ளிப்போட ஒன்றுமில்லாத அன்னாவே பல வாசகர்களுக்கு உயிரோடு தெரிகிறாள். வாழ்க்கை வரலாற்று வாசிப்பின் எல்லை இது.

ஒரே வாழ்க்கை ஒரே தொனியைத் தரும் என்பதும் சரியில்லை. சோவியத் முகாம்களில் சல்ஷெனீத்சின் எட்டு ஆண்டு தண்டனை அனுபவித்தார். எக்கிபஸ்தூஸில் கொத்தனார் வேலை செய்தார். 1962 நவம்பரில் 'நோவி மீர்' இதழில் வந்த 'இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' கதையில், கடும் குளிரில் சுவர் எழுப்பும்போது கதைநாயகன் ஷுகவுக்கு வேலையில் ஒரு பெருமிதமே வந்துவிடுகிறது. இன்னொரு எழுத்தாளர் ஷலாமவ், அதைவிடக் கொடிய கோலிமா முகாம்களில், தங்கச் சுரங்கத்தில் சாவின் விளிம்புவரை போய், 1946-இல் மருத்துவ உதவியாளர் பயிற்சி கிடைத்ததால் பிழைத்தவர். சல்ஷெனீத்சினின் கதையைப் பாராட்டி அவருக்கு எழுதிய கடிதத்திலேயே, மருத்துவப் பகுதியில் ஒரு பூனை திரிகிறதே, உண்மையான முகாமில் அதை எப்போதோ தின்றிருப்பார்களே என்று சுட்டிக்காட்டினார். அவருடைய 'இரவில்' கதையில் இரண்டு கைதிகள் புதைத்த பிணத்தைத் தோண்டி உள்ளாடையை உருவுகிறார்கள். நாளை அதை ரொட்டிக்கு மாற்றலாம், கொஞ்சம் புகையிலைகூடக் கிடைக்கலாம் என்ற நினைப்போடு கதை முடிகிறது. முகாம் யாருக்கும் நல்லதாக எதையும் கற்பிக்காது என்பது ஷலாமவின் உறுதியான கருத்து. சிறைக்கு நன்றி சொல்லி எழுதியவர் சல்ஷெனீத்சின். இருவரின் வாக்கியங்களும் இந்த இரண்டு முடிவுகளிலிருந்து பிறந்தவை.

இதைச் செய்துபார்க்க விரும்புகிறவர்கள் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டு, வாழ்க்கையில் நடந்தது, எழுதியது. வெளியான தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள்; எழுதிய மாதங்கள்தான் முக்கியம். 1918 வரை ருஷ்யாவில் பழைய நாட்காட்டி என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதிகளில் 12 நாள் வித்தியாசம் வரும்: சதுக்கத்தில் நின்ற 1849 டிசம்பர் 22, புதிய கணக்கில் 1850 ஜனவரி 3. இரண்டு நூல்கள் இரண்டு தேதி சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். பிறகு அதே காலத்துக் கடிதங்களைப் படியுங்கள். நினைவுக் குறிப்புகளைவிடக் கடிதங்கள் நம்பகமானவை, ஏனென்றால் கதை புகழ்பெற்ற பின் எழுதப்பட்ட நினைவுக் குறிப்பு கதையைப் பார்த்தே தன்னைத் திருத்திக்கொள்ளும். கதையை முதலில் படித்துவிட்டு வாழ்க்கைக்குப் போவது நல்லது. 'ஆறாவது வார்டு' கதையையும் சகாலின் நூலின் கசையடி அத்தியாயத்தையும் இந்த வரிசையில் ஒரே வாரத்தில் படித்துப் பாருங்கள். நீளம் குறைவு என்பதால் பழகுவதற்கு தஸ்தயேவ்ஸ்கியைவிட இது எளிது.